பணித்தவரும் எழுதியவரும்

ஓர் ஊரார் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த நூலைக் காண விரும்புகிறவன் ஏட்டுச் சுவடிகளையும் அச்சுப் புத்தகங்களையும் தேடிப் போவதே உலக வழக்கம். காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூருக்கு வருகிறவனோ, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரையும் அடித்தளத்தையும் ஒட்டி மெல்ல நடந்தால் போதும். வரி கல்லைப் பற்றிக்கொண்டு நீள்கிறது. அதன் கூடவே வாசகனும் நகர வேண்டியிருக்கிறது. தமிழெழுத்தின் நடுவே வடசொல் வருமிடத்தில் கிரந்த எழுத்துத் தலைகாட்டும். அங்கே சற்று நின்று, மீண்டும் நடக்க வேண்டும்.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்துகொண்ட குடவோலை ஏற்பாடு இக்கல்லில் இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக வகுத்து, ஆண்டுப் பொதுக்காரியங்களைக் கவனிக்கும் ஆட்டை வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர் வீதமும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று விதித்தார்கள். முதல் விதியில் 30 வயதுக்கு மேல் 60-க்கு உட்பட்டிருந்த தகுதி, இரண்டே ஆண்டுகளில் 35-க்கு மேல் 70-க்கு உள்ளாக மாறிற்று. வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் குடத்தில் ஓலை இடப்படும் தகுதியை இழந்தார்கள். 1898-இல் படியெடுக்கப்பட்ட இச்சாசனங்களைக் கல்வெட்டறிஞர் வெங்கையா 1904–05-ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் விளக்கி எழுதிய பின்னர், இவ்வூரின் கீர்த்தி உலகமெங்கும் பரவிற்று.

சபையின் பெருமையைப் பேசாத சரித்திர ஆசிரியர் இல்லை. என் மனம் தங்கி நிற்பதோ வேறொருவனிடத்தில். குடத்திலுள்ளது இன்னதென்று அறியாத சிறுபிள்ளை ஓர் ஓலையை எடுத்துக் கொடுக்க, ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று, கூடியிருப்போர் கேட்க வாசிக்க வேண்டியவன் மத்தியஸ்தன். கையை மூடினால் ஐயம் பிறக்குமென்று கருதியே, விரல் விரிய வேண்டுமென்பதைக்கூடச் சபையார் சட்டத்தில் சேர்த்தார்கள் போலும். அவன் வாசித்த பின்னும், அங்கிருந்த நம்பிமாராகிய பூசகர் அனைவரும் அவ்வோலையை ஒருவர் பின் ஒருவராக வாசித்தாக வேண்டும். இரண்டாம் சாசனத்தின் முடிவில் அம்மத்தியஸ்தன், சபைப் பெருமக்கள் பணிக்கத் தான் எழுதியதாகச் சொல்லித் தன் பெயரையும் வைத்திருக்கிறான்: காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன். அவன் சபையின் உறுப்பினன் அல்லன். ஊர்ப்பணி செய்து ஊதியம் பெற்றவன். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்கள் ஒரு சட்டத்தைச் சொல்ல, அவர்களுள் ஒருவனாகாதவன் அதை எழுதினான். ஆகவே இம்மண்ணின் எழுத்து, தொடக்கத்திலேயே பணித்தவர் வேறு, எழுதியவர் வேறு என்னும் நிலையில் பிறந்தது.

பின்வந்த நூற்றாண்டுகளிலும், இவ்வூர் அடங்கிய தொண்டைநாட்டுப் புலவர்கள் தலத்தையோ பிரபுவையோ சார்ந்தே பெரும்பாலும் பாடினார்கள். காஞ்சிக் குமரகோட்டத்து அர்ச்சகரான கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அவ்வாலயத்திலேயே அரங்கேற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 17-ஆம் நூற்றாண்டில் பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரோ, பிறவியிலேயே பார்வையற்றவர். எழுத்துக்களை முதுகில் எழுதிக் காட்டக் கற்றாரென்று சொல்வார்கள். பிறர் விரல் தம் தோலில் இழுத்த கோட்டைக்கொண்டு நெடுங்கணக்கை அறிந்த அவர், திருக்கழுக்குன்றத்துக்குப் புராணமும் உலாவும் பாடினார்.

பணிப்போர் எவருமின்றித் தன் வாழ்வைத் தானே எழுதும் வழக்கம் இப்பகுதியில் வேரூன்ற, அச்சுக்காலம் வரவேண்டியிருந்தது. உத்திரமேரூருக்கு அண்மையிலுள்ள மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பாக உயர்த்தி, 1893-இல் ‘பறையன்’ என்ற பத்திரிகையைச் சென்னையிலிருந்து வெளியிட்டார். வட்டமேஜை மாநாட்டில் தம் மக்களுக்காகப் பேசித் திரும்பிய அவர், 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறுநூலையும் எழுதினார். முதுமையில் ஒருவர் தம் ஆயுளைச் சில பக்கங்களில் அடக்கிச் சொன்ன அந்நூல், பார்வைக்கு எளியது. ஆனால் சபை கூடிய காலத்தில் எந்தக் குடத்திலும் ஓலை இடப்பெறாத குடியினரின் வாழ்வு, அவர்களுள் ஒருவராலேயே வசனத்தில் சொல்லப்பட்டதென்பதை எண்ணும்போது, அதனை மண்டபத்துக் கல்லுக்கு அருகில் வைத்துப் படிக்கத் தோன்றுகிறது.

இவ்வட்டாரத்தார் எழுதும் புதிய கவிதைத் தொகுதியோ ஊர் வரலாறோ கைக்கு வரும்பொழுதெல்லாம் நான் முதலில் தேடுவது, கல் சொல்லாமல் விட்டதை அது சொல்லுகிறதா என்பதே. ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று கல் கணக்குச் சொல்லுகிறது. கோடையில் ஊரேரியான வைரமேக தடாகத்தில் இறங்கித் தூர் வாரியவர்கள் எத்தனை பேர், கூடை சுமந்த பெண்கள் எந்தத் தெருவினர், பொழுது சாய்ந்தபின் அவர்கள் என்ன பாடிக்கொண்டு கரையேறினார்கள் என்பது அதில் இல்லை. அச்செய்திகளை எழுத இன்று பெருமக்களின் ஆணை வேண்டியதில்லை. ஆயினும் மத்தியஸ்தனுக்கு விதித்த ஒழுங்கு மட்டும் இன்றும் எழுதுகிறவனுக்குப் பொருந்தும்: ஊர் கொடுத்ததை விரித்த கையில் வாங்க வேண்டும், வாங்கியதை ஊரார் கேட்க வாசிக்க வேண்டும், அவர்களும் அதை வாங்கிப் படித்துப் பார்க்க இடங்கொடுக்க வேண்டும்.