கூட்டரசாங்கத்திற் சிறு கட்சியின் வலிமை

பல கட்சிகள் போட்டியிடும் ஜனநாயக நாட்டில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாதவிடத்துக் கூட்டரசாங்கம் தோன்றுகின்றது. அத்தகைய வேளையிற் சிறு கட்சியே துலாக்கோலின் நாவாக அமையும் என்பர். இக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதற்கு இலங்கையில் 1965 ஆம் ஆண்டு அமைந்த அரசாங்கம் தக்க சான்றாகும்.

அதற்கு முந்திய சில ஆண்டுகள் பெரிய கட்சிகளுக்கு அச்சத்தைக் கற்பித்திருந்தன. 1960 மார்ச்சுத் தேர்தலில் 50 ஆசனங்களே பெற்றுப் பதவியேற்ற டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், அடுத்த மாதமே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் வீழ்ந்தது. அதனை எதிர்த்து வாக்களித்தோருள் தமிழரசுக் கட்சியினரும் இருந்தனர். சமசமாஜக் கட்சியைச் சேர்த்துக்கொண்ட சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கமோ 1964 டிசம்பர் 3 ஆந் திகதி ஒரேயொரு வாக்கினால் தோல்வியுற்றது.

1965 மார்ச்சு 22 ஆந் திகதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 66 ஆசனங்களையும் தமிழரசுக் கட்சி 14 ஆசனங்களையும் பெற்றன. இரு நாட்களின்பின் டட்லி சேனநாயக்காவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். வட கீழ் மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழியாதல், மாவட்ட சபைகள் நிறுவுதல், குடியேற்றத் திட்டக் காணிகளில் அம்மாகாணத்தாருக்கு முன்னுரிமை என்பன அதன் முக்கிய அம்சங்கள். அவ்வொப்பந்தம் அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை. பின்னர் எதிர்க்கட்சியினர் அதனை இரகசிய உடன்படிக்கையெனத் தூற்றுதற்கு அது வாய்ப்பாயிற்று.

ஆதரவின் விலை எவ்வாறு குறைந்தது என்பதை எண்களே காட்டும். 157 உறுப்பினர் கொண்ட சபையிற் பெரும்பான்மைக்கு 79 பேர் வேண்டும். பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி நியமனம் பெறும் 6 பேரும், தோழமைக் கட்சிகளுள் ஸ்ரீ லங்கா சுதந்திர சோசலிசக் கட்சியின் 5 பேரும், தமிழ்க் காங்கிரசின் 3 பேரும் சேர 80 ஆயிற்று. தமிழரசுக் கட்சியின்றியே அரசாங்கம் நிலைக்கக்கூடும் என்பது தொடக்கத்திலேயே புலனாகியிருக்க வேண்டும். அக்கட்சி ஏற்ற மந்திரிப் பதவியும் ஒன்றே. இராணி அப்புக்காத்து மு. திருச்செல்வம் செனற் சபையிலிருந்து உள்ளூராட்சி மந்திரியானார். எதிர்க்கட்சிக்குரிய சுதந்திரமும் மந்திரிசபையில் உண்மையான செல்வாக்கும் ஒருங்கே இல்லாத நிலை அது.

தமிழ் மொழி உபயோகப் பிரமாணங்கள் 1966 ஜனவரியிற் பெருங் கிளர்ச்சிக்கிடையே நிறைவேறின. மாவட்ட சபை மசோதாவின் கதி வேறு. 1968 இல் வெள்ளை அறிக்கை வெளிவந்தபோது எதிர்க்கட்சிகள் எதிர்த்தமை வியப்பன்று. ஆளுங் கட்சியின் பின்வரிசையினரும் எதிர்த்தனர். பிரதம மந்திரி மசோதாவைக் கைவிட்டார். கூட்டாளியின் ஆதரவை இழப்பதிலும் சொந்தக் கட்சி பிளவுறுவதே அவருக்குப் பேரிடராகத் தோன்றியது போலும்.

அதே ஆண்டில் திருகோணமலைக் கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் குழுவொன்றை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவர் ஆட்சேபிக்கவே பிரதம மந்திரி அதனை நிறுத்தினார். மந்திரி பதவி துறந்தார்; கட்சியும் அரசாங்கத்தை விட்டு விலகிற்று. அரசாங்கம் வீழவில்லை, 1970 வரை நீடித்தது.

அவ்வாண்டுத் தேர்தலில் ஐக்கிய முன்னணிக்கு 116 ஆசனங்கள் கிடைத்தன. தமிழரசுக் கட்சியின் 13 உறுப்பினரது ஆதரவை நாடவேண்டிய தேவை புதிய அரசாங்கத்திற்கு இருக்கவில்லை.