பறவையை முதலில் வரைந்தவர்கள்

2023 ஜனவரி 12ஆம் நாள், அமெரிக்க நேரப்படி இரவில், ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் ஆகிய செயலிகள் இயங்காமல் நின்றன. ட்விட்டர் நிறுவனம் உருவாக்காத, ஆனால் ட்விட்டரைப் படிக்கவும் அதில் எழுதவும் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவந்த செயலிகள் அவை. முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை. சில நாள்களுக்குப் பின், நெடுங்காலமாக உள்ள விதிகளையே நடைமுறைப்படுத்துவதாக நிறுவனம் கூறியது. 19ஆம் நாள், ட்விட்டருக்கு மாற்றான செயலிகளை உருவாக்குவதைத் தடைசெய்யும் வாசகம் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. தண்டனை முன்னும் சட்டம் பின்னுமாக வந்தன.

அந்நாள்களில் பயனர்கள் எழுதிய பதிவுகள் பலவும் இரங்கற் குறிப்புகளின் சாயலில் அமைந்திருந்தன. ஒரு மென்பொருளுக்காக மனிதர் துயருறுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால், அச்செயலிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு அத்துயரின் பொருள் விளங்கும்.

2006இல் தொடங்கப்பட்ட ட்விட்டர், முதலில் குறுஞ்செய்தி வழியாகவும் இணையதளம் வழியாகவுமே இயங்கியது. அவ்வாண்டே, ஏபிஐ எனப்படும் நிரல் இடைமுகத்தை வெளியாருக்குத் திறந்துவிட்டது. வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரைச் சேர்ந்த ஐகான்ஃபேக்டரி என்னும் சிறு நிறுவனம், 2007 ஜனவரியில் மேக் கணினிகளுக்கென ட்விட்டரிஃபிக்கை வெளியிட்டது. ட்விட்டரோடு பறவையின் உருவத்தை முதலில் இணைத்தது அச்செயலியே. ஒரு செய்தியை 'ட்வீட்' என்று முதலில் அழைத்ததும் அதுவே. அச்சொல்லின் இப்பொருள் 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. தமிழ்ப் பயனர்கள் அதைக் 'கீச்சு' ஆக்கிக்கொண்டனர். லோரன் பிரிக்டர் உருவாக்கிய ட்வீட்டி என்னும் மற்றொரு செயலி, திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. இன்று எண்ணற்ற செயலிகளில் விரல்கள் தாமாகவே செய்யும் அசைவு அது. ஆக, ட்விட்டரின் உருவம், சொல், பழக்கம் ஆகியவற்றில் கணிசமான பகுதி நிறுவனத்திற்கு வெளியே பிறந்தது.

உறவு திரிந்தது 2010இல். அவ்வாண்டு ஏப்ரலில் ட்விட்டர் விளம்பரக் கீச்சுகளைத் தொடங்கியது. அதே மாதத்தில் ட்வீட்டியை விலைக்கு வாங்கித் தன் அதிகாரபூர்வச் செயலியாக மாற்றியது. விளம்பரமே வருவாயானபின், பயனர் எந்தச் சாளரத்தின் வழியே பார்க்கிறார் என்பது வணிகக் கேள்வியாயிற்று. 2011இல் இத்தகைய செயலிகளைப் புதிதாக உருவாக்க வேண்டாமென்று நிறுவனம் அறிவுறுத்தியது. 2012இல் புதிய செயலிகளுக்கு 1,00,000 பயனர்கள் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. 2018இல் கீச்சுகளை உடனுக்குடன் பெறும் வசதி பறிக்கப்பட்டது. 2023இல் நிகழ்ந்தது பதின்மூன்று ஆண்டுக் காலச் சுருக்கத்தின் இறுதிப் படி.

இத்தனை நெருக்கடிக்கிடையிலும் பயனர்கள் அச்செயலிகளை விட்டு நீங்கவில்லை. அவற்றில் கீச்சுகள் கால வரிசையில் வந்தன, ட்விட்டரின் விளம்பரக் கீச்சுகள் இல்லை, நிறுவனத்தின் நிரல் எதைப் பொருத்தமெனக் கருதுகிறதோ அது முன்னே திணிக்கப்படவில்லை. திரையை உரக்கப் படித்துக்காட்டும் வாய்ஸ்ஓவர் வசதியோடு ட்விட்டரிஃபிக் நன்கு இணங்கியமையால், பார்வையற்றோர் பலர் அதனைச் சார்ந்திருந்தனர். அவர்களைப் பொறுத்தவரை மூடப்பட்டது விருப்பத்திற்குரிய ஒரு பொருள் மட்டுமன்று, பழகிய ஒரு வழியும்கூட.

இந்திய வேளாண் வரலாற்றைப் பயில்வோருக்கு இச்சூழல் முற்றிலும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மலபாரில், நிலம் ஜன்மியுடையது. அதில் தென்னை வைத்ததும் கிணறு வெட்டியதும் குத்தகையாளர். நிலத்தின் மதிப்பு உயர்ந்தபின் அவரை வெளியேற்றினால் அவ்வுழைப்பு யாருக்குரியது? வில்லியம் லோகனின் விசாரணைக்குப் பிறகு, 1887இல் சென்னை மாகாண அரசு குத்தகையாளரின் மேம்பாடுகளுக்கான இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் வெளியேற்றங்களை நிறுத்திவிடவில்லை. எனினும், பிறர் நிலத்தில் இட்ட உழைப்புக்கும் ஓர் உரிமை உண்டு என்னும் கோட்பாட்டை அது ஏற்றது. நிலமும் நிரலும் ஒன்றல்ல. குத்தகையாளரின் வறுமையும் மென்பொருளாளரின் இழப்பும் ஒரே தராசில் வைக்கத்தக்கவையல்ல. ஆயினும், எண்ணியத் தளங்களின் ஒப்பந்தங்களில் அக்கோட்பாட்டின் நிழல்கூட இல்லை என்பது கருதத்தக்கது.

சட்டம் தராத அங்கீகாரத்தைப் பயனர்கள் தர முயன்றனர். ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்தியிருந்தோருக்கு எஞ்சிய தொகையைத் திருப்பித் தரும் சுமை, அவ்விரு செயலிகளையும் உருவாக்கிய சிறு நிறுவனங்களின் மேல் விழுந்தது. எனவே, தொகை வேண்டாமெனத் தெரிவிக்கும் பொத்தான் ஒன்றைச் செயலிகளில் சேர்த்து, பயனர்களிடம் அவை வேண்டுகோள் விடுத்தன. பயன்படாத செயலியைத் திறந்து, தமக்குரிய பணத்தை மறுத்துப் பொத்தானை அழுத்தியவர்கள், தம் துயரைச் சொல்லிலிருந்து செயலுக்குக் கொண்டுவந்தனர்.

2023 ஜூலையில் ட்விட்டர் தன் பறவைச் சின்னத்தை நீக்கி, எக்ஸ் என்னும் எழுத்தைச் சூடிக்கொண்டது. பறவையை முதலில் வரைந்தவர்கள் வெளியேற்றப்பட்ட ஆறே மாதங்களில் பறவையும் வெளியேறியது. 'ட்வீட்' என்னும் சொல்லையும் நிறுவனம் கைவிட்டது. மக்களின் பேச்சு மட்டும் அதனைக் கைவிடவில்லை. நிலத்தின் உரிமையாளர் ஆணையிட்டாலும் அகற்ற முடியாத மரமாக அச்சொல் நிற்கிறது.