கொழு தேயும் காலம்

புரட்டாசி பாதி தாண்டிவிட்டால் சாத்தூர்–சிவகாசிப் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் நிற்க இடம் இருக்காது. போன வருஷம் அப்படி ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஏழு டிராக்டர் கலப்பைகள் கிடந்தன. எல்லாம் ஒன்பது கொத்துக் கலப்பை. ஒன்றில் சட்டம் விரிசல் விட்டிருந்தது. இன்னொன்றில் ரெண்டு கொத்து வளைந்திருந்தது. கொழு எல்லாவற்றிலும் தேய்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் வேப்பமர நிழலில் நின்று வானத்தையும் வெல்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துருவீகளா?"

"அண்ணாச்சி, உங்களுக்கு முன்னால நாலு பேரு நிக்காக. நீங்களே எண்ணிப் பாருங்க."

"மழ எண்ணிக்கிட்டா வரும்?"

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது, இணையத்தில் நாமெல்லாம் நாள்கணக்கில் சண்டை போட்டோம். இரும்பு எப்போது வந்தது என்பது பெரிய கேள்விதான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு அதைவிடச் சின்னக் கேள்வி ஒன்று உண்டு. வந்த இரும்பு வருஷா வருஷம் தேய்ந்திருக்குமே, அதை யார் சரிசெய்தார்கள்? அவருக்கு யார், எப்போது கூலி கொடுத்தார்கள்?

*

கரிசல் மண் பார்க்க மெத்தென்று இருக்கும். ஆனால் இரும்புக்கு அது எமன். நனைந்தால் வீங்கிக் கொழுவில் பசை மாதிரி அப்பும். காய்ந்தால் சுருங்கி, கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். காய்ந்த கட்டி கல்லுக்குச் சமம். போதாததற்கு மண்ணுக்குள் சுண்ணாம்புக் கற்களும் கலந்து கிடக்கும். இரண்டு நிலைக்கும் நடுவில், உழுவதற்கேற்ற பதம் ஒரு மழைக்குப் பிறகு சில நாள்தான் நிற்கும்.

விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக்கு வடகிழக்குப் பருவமழையை விட்டால் வேறு கதி இல்லை. அதனால்தான் மழைக்கு முன்பே உழுது, புழுதியிலேயே விதைத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் இங்கே உண்டு. மழுங்கிய கொழு மண்ணில் இறங்காது, மேலாகச் சுரண்டிக்கொண்டு போகும். மாட்டு ஏர் என்றால் மாடு தளரும். டிராக்டர் என்றால் சக்கரம் வழுக்கும், டீசல் தீரும். மேலாக்க உழுத நிலத்தில் மழைத்தண்ணி உள்ளே இறங்காமல் ஓடையைப் பார்த்து ஓடிவிடும். கொழு முனையில் ரெண்டு விரல் இரும்பு குறைந்தால் ஒரு வருஷத்து வெள்ளாமை ஆட்டம் காணும்.

*

மரக்கலப்பையில் இரும்பு என்றால் அநேகமாகக் கொழு ஒன்றுதான். மற்றதெல்லாம் கருவேலம் மாதிரியான உறுதியான மரம், தச்சாசாரி வேலை. கம்பர் பெயரில் வழங்கும் ஏரெழுபது கலப்பையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடுகிறது. அதில் கொழுவுக்கும் பாட்டு உண்டு, கொழுவைப் பிடித்து நிறுத்தும் ஆணிக்கும் பாட்டு உண்டு. ஒரு ஆணிக்குத் தனிப்பாட்டு எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் சிரித்திருக்கிறேன். பட்டறையில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கொழு தட்டுவது கொல்லாசாரி வேலை. தேய்ந்த முனையை உலையில் வைத்துத் துருத்தி ஊதிக் காய்ச்ச வேண்டும். தேய்மானம் அதிகம் என்றால் புது இரும்புத் துண்டு வைத்து ஒட்டி, நீட்டி, முனை கட்ட வேண்டும். கடைசியில் தண்ணீரில் அமுக்கித் தோய்ச்சல் போட வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் ஆசாரியின் பெயர் நிற்கும், இல்லையென்றால் கெடும். தோய்ச்சல் கூடினால் கல் தட்டும்போது முனை பொட்டென்று ஒடியும். குறைந்தால் அரை நாளில் மழுங்கும். சூடு ஏறும்போது இரும்பின் மேல் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். எந்த நிறத்தில் எடுத்து அமுக்குவது என்பதைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு வேறு கருவி எதுவும் அவரிடம் கிடையாது.

இதற்குக் கூலி அன்றைக்கே கிடையாது. வெள்ளாமை முடிந்து களத்தில் தானியம் அளக்கும்போது ஆசாரிக்கு ஒரு பங்கு. இந்தப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். வெள்ளைக்காரர்களின் வருவாய்த்துறை ஆவணங்களிலும் இந்தச் சொல் அப்படியே ஏறியிருக்கிறது. விடுதலை என்று நாம் சொல்கிற அர்த்தம் இல்லை, உரிமைப் பங்கு என்ற அர்த்தம். மழை பொய்த்தால் சம்சாரிக்கும் இல்லை, ஆசாரிக்கும் இல்லை. கொழுவை அடித்துக் கொடுத்தவர் அந்த வருஷத்து மழையிலும் பங்குதாரர்.

இதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. உரிமை என்று பெயர் இருந்தாலும் களத்து மேட்டில் பெட்டியோடு நிற்க வேண்டும். அளப்பவர் கை எப்படிச் சாய்கிறதோ அதுதான் அளவு. சாதி அடுக்கு எழுதிக்கொடுத்த தொழில், அதே அடுக்கு தீர்மானித்த கூலி.

*

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண அரசுக்குக் கலப்பைமீது கண் விழுந்தது. சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கி 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்த வேளாண் பள்ளிதான் இன்றைய பல்கலைக்கழகத்துக்கு மூலம். சைதாப்பேட்டைப் பண்ணையில் இங்கிலாந்து மாதிரி இரும்புக் கலப்பைகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஊர் மாட்டுக்கு அது பாரம், சம்சாரிக்கு அது விலை. 1893-ல் இந்திய வேளாண்மை பற்றி அறிக்கை கொடுத்த ஜான் அகஸ்டஸ் வோல்கர், உள்ளூர் உழவரையும் அவர் கருவியையும் மட்டமென்று ஒதுக்கிவிட முடியாது என்ற பக்கமே நின்றார். விலை, மாட்டின் பலம் இரண்டோடும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கணக்கு. ஊருக்குள் இருக்கிற உலையால் சரிசெய்ய முடியாத கலப்பை, முதல் வருஷம் கலப்பை, ரெண்டாம் வருஷம் காயலாங்கடைச் சரக்கு. வார்ப்பிரும்பைக் காய்ச்சி அடித்து நீட்ட முடியாது, அடித்தால் உடையும்.

தேய்மானம் நம் ஊர்த் தலைவலி மட்டுமில்லை. 1803-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் ராபர்ட் ரான்சம் ஒரு கொழுவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் அடிப்பக்கம் கடினம், மேல்பக்கம் மென்மை. மேல்பக்கம் சீக்கிரம் தேய, அடிப்பக்கம் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், உழ உழத் தானாகவே கூர் தீட்டிக்கொள்ளும். 1837-ல் அமெரிக்காவின் இல்லினாயில் ஜான் டீர் என்ற கொல்லர், ஒட்டுகிற மண்ணுக்காக உடைந்த ரம்பத் தகட்டில் கலப்பை செய்தார். பெரிய கம்பெனிப் பெயராகத்தான் அவரை நமக்குத் தெரியும், ஆரம்பத்தில் அவரும் ஒரு பட்டறைக்காரர். இந்தியாவில் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1903 வாக்கில் பெல்காமில் இரும்புக் கலப்பை செய்தபோது வாங்க ஆள் இல்லை. இரும்பு பட்டால் மண் விஷமாகும் என்ற பயம் உழவர்களிடம் இருந்ததாகச் சொல்வார்கள்.

1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் கரிசலிலும் டிராக்டர் பரவ, ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

*

ஆனால் கொழு தேய்வது நிற்கவில்லை. டிராக்டர் கொழுவுக்கு ரெண்டு பக்கமும் முனை உண்டு. ஒன்று தேய்ந்தால் கழற்றித் தலைகீழாய் மாட்டலாம். ரெண்டும் தேய்ந்தால் பட்டறைதான். அங்கே லாரிப் பட்டையை வெட்டி முனையாக ஒட்டுகிறார்கள். பாரம் தாங்கித் தாங்கிப் பழுத்த ஸ்பிரிங் எஃகு அது, அரிவாளுக்கும் அதுதான். அதன் அடிப்பக்கத்தில் மட்டும், குரோமியமும் கரியும் கலந்த ராடால் வரி வரியாகக் கடின உலோகம் படிய வைக்கிறார்கள். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் போட்டா மொட்டையா நின்னுரும்ணே. ஒரு பக்கம் தேயணும், அப்பத்தான் கூர் நிக்கும்."

ரான்சம் காப்புரிமை வாங்கிய அதே சூத்திரம். வெல்டர் தம்பிக்கு அந்தப் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பனி கொட்டும் நாடுகளில் லாரி முன்னால் கலப்பை கட்டிச் சாலைப் பனியைத் தள்ளுவார்கள். குளிர்காலத்துக்கு முன்னால் தேய்ந்த அடித்தகட்டை மாற்றி, விரிசலுக்குப் பட்டை வைத்து வெல்டு அடிப்பார்கள். தள்ளுவது பனியோ மண்ணோ, பருவம் வருவதற்குள் வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் ஒன்றுதான்.

பேச்சுவாக்கில் தெரிந்தது, தம்பியின் தாத்தா கொல்லாசாரி. அப்பா சிவகாசியில் அச்சகத்து மிஷின் வேலைக்குப் போய்விட்டார். மழை குறைந்த அதே வறட்சிதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இந்தப் பக்கம் வாழவைத்தது. மருந்து கலக்கிற அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, ஒரு பொறி போதும் எல்லாம் முடிந்துவிடும். ஒரே வானத்துக்குக் கீழே ஒரு பக்கம் இரும்புப் பொறிக்குப் பயந்து பித்தளையும் மரமும் புழங்குகிறது. இன்னொரு பக்கம் பொறி பறந்தால்தான் விதைப்பு. தீபாவளியும் மழையும் அடுத்தடுத்து வருவதால் ரெண்டு பக்கமும் அவசரம்.

"தாத்தா களத்துல போயி பெட்டிய வச்சுக்கிட்டு நிப்பாரு. நமக்கு அது ஆகாதுண்ணே. வேலைக்குக் காசு, அம்புட்டுத்தான்" என்றார்.

நியாயமான பேச்சு. களத்து மேட்டு நிற்றல் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அதோடு, மழை பொய்த்தால் நஷ்டத்தில் ஒரு பங்கைச் சுமக்க இன்னொரு ஆள் இருந்ததும் ஒழிந்தது. இன்று கொழுவுக்குக் காசு விதைப்புக்கு முன், விளைச்சல் தெரிவதற்கு நாலு மாசம் முன். மழை வராவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது.

கிளம்பும்போது அண்ணாச்சியின் முறை வந்துவிட்டிருந்தது. அவர் வேட்டி மடிப்பிலிருந்து பாதிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றார். தம்பி ஒன்றும் பேசாமல் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்கப் பெயர்கள், எதிரே தொகை. தேதி போட வேண்டிய இடத்தில் முக்கால்வாசிப் பேருக்கும் ஒரே வார்த்தை: மாசி. பருத்தியும் வத்தலும் காசாகிற மாசம்.

"மழை வரலேன்னா?" என்று கேட்டேன்.

நோட்டை மூடிவிட்டு, "அடுத்த மாசி" என்றார்.