எலிசாவைப் படைத்தவர்

கணினித் துறையைக் கசந்து பேசுபவர்கள் அதன் வெளியே நிற்பவர்கள் என்றே நாம் எண்ணுகிறோம். ஜோசப் வைசன்பாம் அவ்வெண்ணத்தைக் குலைப்பவர். 1923இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், வங்கிப் பணிகளுக்கான எர்மா கணினியை உருவாக்கிய குழுவில் பணியாற்றினார். பின்னர் எம்.ஐ.டி.யில் அவர் எழுதிய எலிசா என்ற நிரல் 1966இல் வெளியுலகுக்கு அறிமுகமானது. மனநல மருத்துவரைப் போல, நாம் சொன்ன சொற்களையே அது கேள்வியாகத் திருப்பிக் கேட்கும்; எதுவும் அதற்குப் புரியாது. ஆயினும், அது உருவானதை உடனிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனுடன் தனித்துப் பேச விரும்பி அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார்.

இதை மருத்துவத்துக்கே பயன்படுத்தலாம் என்று மருத்துவர்கள் சிலர் கூறியபோது அவர் அதிர்ந்தார். கணக்கிடுதல் வேறு, தீர்மானித்தல் வேறு. பரிவு வேண்டிய இடத்தில் இயந்திரத்தை அமர்த்தலாகாது என 1976இல் ஒரு நூலே எழுதினார். ராணுவப் பணத்தில் வளர்ந்த தம் துறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓய்வுக்குப் பின், 1996இல் பெர்லின் திரும்பி, 2008இல் மறையும்வரை எச்சரித்துக்கொண்டேயிருந்தார்.

இன்று பேசும் நிரல்களிடம் மனம் திறக்கும் நாம், அவரை மீண்டும் அறையைவிட்டு வெளியேறச் சொல்கிறோமோ?