யஷ்ம் என்னும் வெற்றிக்கல்

'பச்சைக்கல்' என்ற ஒரே சொல்லால் நம் இல்லங்களில் மரகதத்தையும் குறிக்கின்றனர். ஆங்கிலத்தில் ஜேட் எனப்படும் கல்லையும் குறிக்கின்றனர். சொல்லில் உள்ள இக்குழப்பம் விற்பவனுக்கு ஆதாயமாகவும் வாங்குபவருக்கு இழப்பாகவும் முடிகிறது. அரபு, பாரசீக நூல்கள் இக்கல்லை 'யஷ்ம்' என்றும் 'யஷ்பு' என்றும் வழங்குகின்றன. அங்கும் குழப்பம் இல்லாமலில்லை. யவன மருத்துவ நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டபோது, 'யாஸ்பிஸ்' என அவர்கள் குறித்த வேறொரு கல்லின் குணங்களும் இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. எனவே பழைய நூலொன்றில் 'யஷ்பு' என்ற சொல்லைக் கண்டவுடனே அது ஜேட்தான் என முடிவுகட்டிவிடலாகாது.

இக்கல்லைத் தெளிவாகப் பேசுபவர் அல்பிரூனி. கஸ்னவி சுல்தான் மவ்தூதுக்காகப் பதினோராம் நூற்றாண்டில் அவர் இயற்றிய 'கிதாபுல் ஜமாஹிர் ஃபீ மஃரிஃபதில் ஜவாஹிர்' மணிகளைப் பற்றிய நூல்களில் தலைசிறந்தது. கோத்தான் நாட்டின் ஆறுகளில் யஷ்ம் கிடைப்பதையும், பெரிய துண்டுகள் அரசனுக்கும் சிறியவை குடிகளுக்கும் உரியன என்ற வழக்கத்தையும் அவர் எழுதுகிறார். அவ்வாறுகளின் பெயர்கள் இன்றும் வழக்கிலுள்ளன. யுருங்காஷ் என்றால் துருக்கியில் வெண்யஷ்ம். கராகாஷ் என்றால் கருயஷ்ம். துருக்கியர் இதனை வெற்றிக்கல் எனக் கருதி வாளிலும் சேணத்திலும் இடைக்கச்சையிலும் பதித்தனர் என்பதும் அவர் தரும் செய்தியே. ஜேட் என்றாலே சீனம் என எண்ணிப் பழகிய நமக்கு, அந்தக் கல் பிறந்த ஆற்றங்கரைகள் நெடுங்காலம் முஸ்லிம் துருக்கியரின் நாடாக இருந்தன என்பது வியப்பளிக்கலாம்.

வெற்றியை விரும்பியவர்களுள் தைமூரை விஞ்சியவர் யார்? சமர்கந்தின் கூர் அமீரில் அவருடைய அடக்கத்தலத்தின் மேல் கரும்பச்சை யஷ்ம் கல்லொன்று கிடக்கிறது. பேரர் உலூக் பேக் 1425-இல் முகலிஸ்தான் படையெடுப்பிலிருந்து கொண்டுவந்து வைத்தது அது. 1740-இல் நாதிர்ஷா அதனை எடுத்துச் சென்று பின்னர் திருப்பியனுப்பினார் என்பர். இன்று அது இரண்டாகப் பிளந்த நிலையில் காட்சியளிக்கிறது. வெற்றிக்கல்லால் தன்னையே காத்துக்கொள்ள இயலவில்லை!

உலூக் பேக்கின் பெயர் பொறித்த வெண்யஷ்ம் கூஜா ஒன்று பிற்காலத்தில் ஜஹாங்கீரின் கைக்கு வந்தது. அவரும், அவருக்குப் பின் ஷாஜஹானும் தத்தம் பெயரை அதில் பொறித்தனர். இப்போது அது லிஸ்பன் நகரின் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. முகலாயருக்கு இக்கல் வெறும் ஆடம்பரப் பொருளன்று. தைமூரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பதற்குக் கையில் ஏந்திய சான்று அது. 1657-இல் ஷாஜஹானுக்காகச் செய்யப்பட்ட வெண்யஷ்ம் கிண்ணம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிப்புறம் தாமரையிதழாக விரிந்து ஒருபுறம் ஆட்டின் தலையாகக் குறுகும் அதன் வடிவழகு கண்டோரை மயக்கும். அதில் பருகப்பட்டது என்ன என்ற ஆராய்ச்சிக்குள் நாம் புகவில்லை.

கடினமான இக்கல்லை உளிகொண்டு செதுக்க முடியாது. சுழலும் சக்கரத்தில் கடின மணற்பொடியை நீரோடு சேர்த்துச் சிறிது சிறிதாகத் தேய்த்தே உருவம் கொடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் முடியப் பல மாதங்கள் ஆகும். முகலாயக் கைவினைஞரின் இத்திறனைக் கண்டு சீனப் பேரரசர் சியன்லுங் பாராட்டுக் கவிதைகள் இயற்றி, அப்பாத்திரங்களிலேயே பொறிக்கச் செய்தார் என்றால் வேறு நற்சான்று வேண்டுமோ? அவருடைய படைகள் 1759-இல் கோத்தான் பகுதியைக் கைப்பற்றியவை என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

யஷ்ம் பதக்கத்துக்கு முகலாயர் இட்ட பெயர் 'ஹவ்ல்தில்'. ஹவ்ல் அரபு, திடுக்கம். தில் பாரசீகம், இதயம். நெஞ்சில் அணிந்தால் படபடப்பு அடங்கும் என நம்பினர். ஹிஜ்ரி 1047-இல், அதாவது 1637-38-இல், ஷாஜஹானுக்காக ஆக்கப்பட்ட பதக்கம் ஒன்றும் லண்டனில் உள்ளது. நன்மையும் தீமையும் கல்லின் கையில் இல்லை என்று கற்ற அரண்மனையிலேயே இந்நம்பிக்கை வாழ்ந்தது. இதே கதையை இன்றைய வணிகரும் சொல்கின்றனர். அழகுக்காக அணிபவருக்கு நாம் தடை சொல்லவில்லை. படபடப்புக்காக அணிபவர் முதலில் மருத்துவரிடம் செல்லட்டும்.

வாங்குவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஜேட் என்பது ஒரு கல் அன்று, இரண்டு. 1863-இல் பிரெஞ்சு அறிஞர் தமூர் இதனை நிறுவினார். கோத்தானில் கிடைப்பதும் முகலாயர் கையாண்டதும் நெஃப்ரைட். பர்மாவின் கச்சின் மலைகளில் கிடைப்பது ஜேடைட்; கண்ணைப் பறிக்கும் பசுமையும் பெருவிலையும் இதற்கே உரியன. ரங்கூனில் வணிகம் செய்து திரும்பிய நம் குடும்பங்கள் சிலவற்றில் பழைய பச்சைக்கல் நகை இருக்குமாயின், அது ஜேடைட்டா என்று சோதிப்பது தகும். இன்று அக்கல் வரும் பாகந்துச் சுரங்கங்களில் 2020 ஜூலையில் மண்சரிந்து 160-க்கும் மேற்பட்ட ஏழைத் தொழிலாளர் மாண்டனர். விலைச்சீட்டில் இந்தக் கணக்கு எழுதப்படுவதில்லை.

அசல் ஜேடைட்டிலும் 'ஏ', 'பி', 'சி' என வகைகள் உண்டு. 'ஏ' என்பது மெழுகுப் பூச்சுக்கு மேல் எதுவும் செய்யாத கல். 'பி' அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஊட்டியது. 'சி' சாயம் ஏற்றியது. பின்னிரண்டும் நாளடைவில் மங்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் வெடிப்புகளில் சாயம் தேங்கி நிற்பது சில சமயம் தெரியும். பிசினையோ அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையில்தான் உறுதியாக அறியலாம். ஆகவே விலையுயர்ந்த நகைக்கு ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள். செர்பென்டைன், பச்சைப் படிகம், கண்ணாடி ஆகியவையும் ஜேட் என்ற பெயரில் விலைபோகின்றன. கண்ணாடியில் காற்றுக் குமிழிகள் தென்படலாம். செர்பென்டைன் கத்தி முனைக்கே கீறுபடும். ஆனால் நல்ல நகையில் கத்தியை வைத்துச் சோதிக்க வேண்டா.

பராமரிப்பு எளிது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கலந்து கழுவி, பருத்தித் துணியால் துடைத்தால் போதும். அத்தரும் ஒப்பனைப் பொருள்களும் பூசிய பின்னரே நகையை அணிக. அடுப்பங்கரையிலும், துவைக்கும்போதும் கழற்றி வைப்பது நன்று. வெளுப்புத்தூளும் சூடும் பிசின் ஊட்டிய கல்லுக்குப் பகை. வைரமும் மாணிக்கமும் இதனைக் கீறுமாதலால் தனித் துணிப்பையில் வைக்க. வளையல் எளிதில் உடையாது எனினும் கல்தரையில் விழுந்தால் பிளக்கும். முன்னோர் வழி வந்த நகையில் குந்தன் வேலைப்பாடு இருந்தால் அதனை ஒருபோதும் நீரில் ஊறவிடலாகாது. மணிகளுக்கு அடியிலுள்ள அரக்கில் ஈரம் புகுந்தால் பதித்தவை கழன்றுவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து வைத்தலே அதற்குப் போதும்.