நகர் எடுத்தலும் நகர் நடத்தலும்

நகர் எடுத்தல் வேறு. எடுத்த நகரை நடத்தல் வேறு. முன்னது, பொருளும் படையும் உடைய வேந்தன் ஒருவனாற் சில யாண்டுகளில் முடிதல் கூடும். பின்னதோ, அந்நகரில் வாழ்வோர் தம்முள் வகுத்துக்கொண்ட முறைப்படி நாள்தோறும் நிகழற்பாலது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வோர், மதிலும் மாடமும் அமைந்தவளவில் நகரமும் அமைந்ததென மகிழ்வர். அங்ஙனமன்று என்பதனைத் தமிழகத்துச் செப்பேடுகளும் கல்வெட்டுக்களும் தெளிவுற விளக்கும்.

பல்லவரும் சோழரும் புதிய ஊர்களைத் தோற்றுவித்த முறை செப்பேடுகளில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அரசனது ஓலை வந்தவுடன் நாட்டார் அதனைத் தொழுது தலைமேற் கொள்வர். பிடியானையை நடத்தி எல்லையைச் சூழ்வர். சூழ்ந்த எல்லையிற் கல்லும் கள்ளியும் நாட்டி, அறையோலை எழுதிக் கொடுப்பர். எல்லை வகுத்தலோடு செயல் முடிவதில்லை. அவ்வூர் பெறும் விலக்குக்கள் 'பரிகாரம்' என்றும், அங்கு நிலவ வேண்டிய ஒழுங்குகள் 'வியவஸ்தை' என்றும் தனித்தனியே வரையப்படும். சோழர் செப்பேடுகளிற் காணப்படும் ஒழுங்குகள் சில வருமாறு: சுட்ட செங்கல் கொண்டு மாடமாளிகை எடுக்கலாம்; கிணறு தோண்டலாம்; தென்னஞ்சோலை வைக்கலாம்; மருவும் தமனகமும் செண்பகமும் செங்கழுநீரும் நடலாம்; பெருஞ்செக்கு இடலாம். அவ்வூர்க்கு நீர் கொணரும் காலைப் பிறர் குறுக்கே அறுத்தலும், அதிற் குற்றேத்தம் வைத்தலும், கூடையால் நீர் இறைத்தலும் ஆகா. ஊரெல்லைக்குள் ஈழவர் தெங்கும் பனையும் ஏறலாகாது. செங்கல் வீடும் பூஞ்செடியுங்கூட உரிமையாக எழுதித் தரப்பட்டன எனின், அவை எங்கும் எவர்க்கும் இயல்பாகக் கிடைத்தவை அல்ல என்பது பெறப்படும்.

ஈண்டு மறைத்தற்கில்லாத செய்தி ஒன்றுண்டு. புதிய ஊர் என்பது எப்பொழுதும் வெற்று நிலத்தில் எழுந்ததன்று. பல்லவர் செப்பேடுகள் சிலவற்றில் 'குடி நீக்கி' என்னும் தொடர் வருகின்றது. அதன் பொருள் பற்றி அறிஞர் வேறுபடினும், முன்னிருந்தாரின் உரிமை ஏதோ ஒருவகையால் மாற்றப்பட்டது என்பதில் ஐயமில்லை. முதலாம் இராசேந்திரன் கி. பி. 1020 இல் வழங்கிய கரந்தைச் செப்பேடு, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒன்றாக்கித் தன் தாயின் பெயரால் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பேரூரை அவன் அமைத்ததனைக் கூறும். ஒரு பேரூர் பிறந்தபொழுது பல சிற்றூர்களின் தனிநிலை ஒழிந்தது.

இங்ஙனம் தோன்றிய ஊர்கள் தம்மை எவ்வாறு நடத்திக்கொண்டன என்பதற்குத் தலைசிறந்த சான்று உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலமாகும். அங்கே வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. முன்னது அவனது 12 ஆம் ஆட்சியாண்டிற்கு உரியது, அஃதாவது கி. பி. 919; பின்னது 14 ஆம் ஆட்சியாண்டிற்கு உரியது, அஃதாவது கி. பி. 921. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, குடும்புக்கு ஒருவராக 30 பேரைக் குடவோலையாற் கொள்வர். அவருள் 12 பேர் சம்வத்சர வாரியமும், 12 பேர் தோட்ட வாரியமும், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியமும் செய்வர். இறைநிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, தன் மனையில் வீடு எடுத்திருத்தல், 35 யாண்டிற்கு மேல் 70 யாண்டிற்குட்பட்ட அகவை, மறைநூற் பயிற்சி என்பன தகுதிகளாம். மூன்றாண்டிற்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வருதற்கில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினருங்கூட விலக்கப்பட்டனர். பிறர்பொருள் கவர்ந்தாரும் அவ்வாறே.

தேர்ந்தெடுக்கும் முறையும் நுணுகி நோக்கற்பாலது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சபையோரும் கோயில் நம்பிமாரும் சூழ்ந்திருக்க, நம்பிமாருள் முதியவர் அக்குடத்தை எல்லாரும் காண எடுத்து நிற்பர். வேறுபாடு அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுப்பன். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த கையில் ஏற்று வாசித்தல் வேண்டும்; அங்குள்ள நம்பிமார் எல்லாரும் அதனை வாசித்தல் வேண்டும். விரலை மடக்கலாகாது என்னும் அளவிற்கு விதி செய்தோர், மக்கள் மனத்தின் மெலிவை நன்குணர்ந்தோரே.

இரண்டாங் கல்வெட்டு எழுதப்பெற்றமைக்குரிய காரணமே இவ்வூரின் பெருமை. 919 இல் வகுத்த விதியில் அகவை 30 முதல் 60 வரை எனக் குறிக்கப்பட்டது. தகுதியின்மைகளும் சுருக்கமாகவே கூறப்பட்டன. இரண்டே யாண்டுகளில், அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க, சபை மீண்டும் கூடி அவ்விதியைத் திருத்திற்று. தகாதார் இன்னார் என விரித்துரைத்தது. தன் விதியிற் குறை கண்டு தானே திருத்தும் ஆற்றல் வாய்ந்தது அச்சபை. ஆயினும் இதனை இக்காலக் குடியாட்சியோடு ஒப்பிட்டு மகிழ்தல் பொருந்தாது. நிலமில்லாரும், மறை கல்லாரும், மகளிரும், உழுதொழிலாளரும் அக்குடத்தில் ஓலை இடப்பெற்றிலர். முறை செவ்விது, அதன் வட்டமோ சிறிது.

திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலத்தை அமைத்த இராசேந்திரனே, கங்கை வரை சென்ற வெற்றியின் நினைவாக, கி. பி. 1025 ஐ ஒட்டிக் கங்கைகொண்ட சோழபுரத்தையும் எடுத்தான். ஆங்கு வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரியை நீர்மயமான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். அந்நகர்க்கு நடுவாய் விளங்கும் கங்கைகொண்ட சோழேச்சரம் கருவூர்த்தேவரால் திருவிசைப்பாவிற் பாடப்பெற்றது. ஏறத்தாழ 250 யாண்டுகள் அது சோழர் தலைநகராய் விளங்கிற்று. எனினும் அதன் ஏற்றமும் இறக்கமும் அரசமரபின் ஏற்ற இறக்கங்களோடு பிணைந்திருந்தன. 1279 இல் சோழராட்சி முடிவுற, நகரும் சிறுமையுற்றது. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என்னும் பெயரளவில் நின்று, பிற்கால அகழாய்வினால் அதன் செங்கற் சுவர்களின் அடிப்பகுதி வெளிப்பட்டது. 1836 இல் கொள்ளிடத்திற்குக் குறுக்கே அணைக்கரை கட்டியபொழுது, கோயில் மதிற்கற்களும் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டன. எஞ்சி நிற்பது, வழிபாடு இடையறாது காத்த திருக்கோயிலே.

உத்தரமேரூர்ச் சபையும் இன்று இல்லை. ஆயின் அதன் விதி கல்லில் நின்று படிப்பார்க்குப் பொருள் தருகின்றது; ஊரும் மக்கள் வாழும் ஊராகவே உள்ளது. புதுநகர் காண விழைவார் வினாவ வேண்டுவன மூன்றென இவ்விரு ஊர்களின் வரலாறு காட்டும்: நகர் எழும் நிலத்தில் முன்னிருந்தார் நிலை யாது? விதி வகுக்கும் வட்டத்தினுள் யாவர் உளர், யாவர் புறத்தே நின்றனர்? பொதுப்பொருளுக்குக் கணக்குக் காட்டாதார்க்கு அந்நகர் என் செய்யும்? இம்மூன்றற்கும் விடை எழுதாது எடுத்த நகர், எத்துணை உயரிய மாடம் உடையதாயினும், எடுத்தவன் வலி உள்ளளவே நிற்கும்.