குடிநோயர் கூட்டம் பிறந்த வரலாறு

கள்ளுண்ணாமைக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். 1937ஆம் ஆண்டில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று, 1948இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவிற்று, 1971இல் தளர்த்தப்பட்டது. அறநூல், சட்டம் ஆகிய இவ்விரு வழிகளையும் நம்மவர் நன்கு அறிவர். மூன்றாவதாகவும் ஒரு வழி உண்டு. குடியால் கெட்டவன், அவ்வாறே கெட்ட இன்னொருவனைத் தேடிச் சென்று, இருவரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசி மீளும் வழி அது. ஆண்டு மலரில் இதை எழுதுவானேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஊரைவிட்டு வந்த நமக்கு மாமனும் பங்காளியும் அருகில் இல்லை. ஒரு வீட்டில் இந்நோய் புகுந்தால் கதவைச் சாத்திக்கொள்வதே நம் குடியிருப்புகளில் வழக்கமாய் இருக்கிறது. ஆகவே எழுதுகிறோம்.

அமெரிக்க நாட்டுப் பால்ட்டிமோர் நகரில், 1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு மதுக்கடையில் கூடியிருந்த ஆறு குடியர்கள் இனித் தொடுவதில்லை என்று உறுதி பூண்டனர். பின்பு அடிக்கடி கூடி, தத்தம் கதையைத் தாமே சொன்னார்கள். வாஷிங்டனியர் எனப் பெயர் கொண்ட அவ்வியக்கம் விரைவில் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. பின்னர் மதுவிலக்குச் சட்டப் பூசல்கள் உள்ளே நுழைய, சில ஆண்டுகளில் தேய்ந்து மறைந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க் பங்குச் சந்தையில் தொழில் செய்த பில் வில்சன் என்பவர் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு ஒரு வாணிப அலுவலாகச் சென்றார். அவர் குடியை விட்டு ஐந்து திங்களே ஆகியிருந்தன. சென்ற காரியம் தோற்றது. கையில் காசும் அதிகம் இல்லை. தங்கியிருந்த மேபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுச்சாலையின் கலகலப்பு. மறுபுறம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். நன்மக்களின் அறிவுரையை நாடி அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அறிவுரை அவருக்கு முன்பே நிறையக் கிடைத்திருந்தது. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயரைச் சந்திக்க வேண்டும் என்றே கேட்டார். பாதிரியார் ஒருவர் வழியாக என்ரியெட்டா சைபர்லிங் என்னும் அம்மையாரின் தொடர்பு கிடைத்தது. அவ்வம்மையார் அறிந்த அறுவை மருத்துவர் ஒருவர் குடியால் சீரழிந்துகொண்டிருந்தார்.

அவர்தாம் டாக்டர் ராபர்ட் ஸ்மித். மே 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அம்மையாரின் இல்லத்தில் இருவரும் சந்தித்தனர். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் வந்தார். பேச்சு முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குடியின் கேட்டை ஒரு மருத்துவருக்கு யார் எடுத்துரைக்க முடியும்? வில்சன் அதைப் பேசவில்லை. தாம் பட்டதைச் சொன்னார். மருத்துவர் இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்து மறுபடி எழுந்தார். 1935 ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று கொண்டு, அந்நாளையே இயக்கத்தின் பிறந்தநாளாக எண்ணுகின்றனர். பின்னர் இருவரும் ஆக்ரன் மருத்துவமனைக்குச் சென்று, அங்குப் படுத்திருந்த ஒரு வழக்கறிஞரை மூன்றாமவராகச் சேர்த்துக்கொண்டனர்.

1939இல் அவர்கள் வெளியிட்ட நூலின் பெயரே இயக்கத்தின் பெயராயிற்று: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாக் குடிநோயர். 1941 மார்ச்சில் ஒரு வார இதழ் இவர்களைப் பற்றி எழுதியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 2,000 பேராய் இருந்த உறுப்பினர், ஆண்டு முடிவில் 8,000 ஆயினர். கணவன்மார் உள்ளே பேசிக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த மனைவிமாரின் துயரையும் வில்சனின் மனைவி லோயிஸ் கண்டார். 1951இல் குடும்பத்தாருக்கென அல்-அனான் என்னும் தனி அமைப்பு தோன்றிற்று. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ தாயோ தனியே சென்று அமரக்கூடிய கூட்டம் அது. நம் பெண்டிர் அறிந்திருக்க வேண்டியது முதலில் இதுவே என்பது எம் கருத்து.

நம் நாட்டில் இவ்வியக்கம் 1957இல் கால்கொண்டது. அதன் தொடக்க ஊர்களுள் ஒன்றான பம்பாயில் அப்போது மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது! சட்டத்துக்கு அடங்காத ஏதோ ஒன்று இந்நோயில் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. சென்னையிலோ, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாரையும் அமர்த்திப் பேசுவது அங்குச் சிகிச்சையின் ஒரு பகுதி.

இக்கூட்டங்களில் கட்டணம் இல்லை. விரும்புவோர் இட்ட காசில் செலவு நடக்கிறது. முழுப்பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி. முதல் நாள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் குற்றமில்லை. யாவரும் வரக்கூடிய திறந்த கூட்டம், குடிநோயர்க்கு மட்டுமான மூடிய கூட்டம் என இருவகை உண்டு. குடும்பத்தார் முதலில் திறந்த கூட்டத்துக்குப் போய்ப் பார்த்து வரலாம். தேவாலயக் கூடங்களில் பல நடப்பதால் இதைக் கிறித்தவர் காரியம் என்று நம்மவர் எண்ணுவதுண்டு. இடம் அவர்களுடையது; அமர்பவர் எல்லாச் சமயத்தாரும். இயக்கத்தின் வலைத்தளத்தில் பார்த்தோ தொலைபேசியில் விசாரித்தோ அருகிலுள்ள இடத்தையும் கிழமையையும் அறியலாம். ஒன்று மட்டும் மறத்தலாகாது: நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. முதலில் மருத்துவரைக் காண வேண்டும்.

பிற மாநிலத்துக் கூட்டங்கள் பெரும்பாலும் அவ்வூர் மொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கின்றன. அலுவலகத்தில் இந்தி பேசிப் பழகியவர்க்கும், தன் வீழ்ச்சியைச் சொல்லும்போது தாய்மொழியே வரும். இரண்டு மூன்று குடிநோயர் சேர்ந்தாலே அதைக் கூட்டம் என்று கொள்ள இயக்கத்தின் மரபு இடம் தருகிறது. நம் சங்கத்தின் பின்னறை வாரநாள் மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. தமிழில் அவ்வாறு கூட விரும்புவோர்க்கு அதைத் திறந்துவிடுமாறு செயற்குழுவை வேண்டுகிறோம்.